சூசைமிக்கேலின் ஐம்பத்து நான்கு

ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள பெயர், ஊர், படிப்பு, சொந்தபந்தம் என்று நூறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் போய், ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. இதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். அரசாங்கமும் அப்படித்தான் சொன்னது.

அந்த எண் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. இதயம் விரிந்திருக்கும்போது அதன் இடது கீழறையில் நூறு பங்கு ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுருக்கில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. எப்பேர்ப்பட்ட பயில்வானின் இதயமும் நூறையும் தள்ளாது. அறுபது தள்ளினால் பிரமாதம். மருத்துவர்கள் மட்டும் எக்கோ படத்தில் பார்த்து, அவர்களும் ‘ஐந்து முன்னே பின்னே இருக்கும்’ என்று தலையைச் சொறிந்துகொண்டே எழுதி வந்த எண் அது. பதினான்கு வருடத்துக்கு முன் இயக்குவோர் இதயத் தகுதிச் சட்டம் வந்தது. பஸ், படகு, கிரேன், லிப்ட் என்று நகரக்கூடிய எதையும் இயக்குகிறவருக்கு ஐம்பத்தைந்து இருக்க வேண்டும். ஐம்பத்து நான்கு என்றால் இறங்கிவிட வேண்டும். அந்த ஐம்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தில் முடிந்ததால் பார்க்க ஒழுங்காக இருந்தது.

சட்டம் வாகனத்தோடு நின்றது. ஜனங்கள் நிற்கவில்லை. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு எண்ணையும் சேர்த்து நீட்டினார்கள். வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருகிறவரிடம் சைவமா அசைவமா என்பதற்கு அடுத்தபடியாக எண்ணைக் கேட்டார்கள். ‘நூத்துக்கு அம்பத்தெட்டுதான் வாங்கியிருக்கான், ட்யூஷன் வைக்கலாமா’ என்று மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தகப்பனுக்குப் பதில் சொல்லிய நாளில்தான், இமெல்டாவுக்கு இந்தத் தேசத்தின்மேல் இருந்த கடைசி மரியாதையும் போயிற்று.

இமெல்டா தூத்துக்குடியில் எக்கோ எடுக்கிறவள். வயது ஐம்பத்தேழு. முப்பத்தோரு வருடமாக ஊராரின் விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல்லைத் தடவி, புரோப் என்ற கைக்கருவியை வைத்து, உள்ளே துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டம் வந்தபோது அவள் வேலை செய்த ஆஸ்பத்திரி அறையின் பெயர்ப்பலகையை இதயத் தகுதி நிலையம் என்று மாற்றினார்கள். மின்விசிறி மட்டும் பழையதுதான்.

சட்டம் வந்த இரண்டாம் வாரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சூசைமிக்கேல் வந்து படுத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. படம் எடுத்து, இதயத்தின் உள்சுவரை ஒட்டிக் கோடு வரைந்து, எண்ணைக் கண்டுபிடிப்பது அன்றைக்கு மனிதக் கையின் வேலை. இமெல்டா பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அச்சுப் பிசகாமல் வரைந்தாள். ஐம்பத்து நான்கு வந்தது. இன்னொரு தடவை வரைந்தாள். ஐம்பத்து நான்கு. வந்ததை எழுதினாள். ஐம்பதடி உயரத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த மனிதரை மறுநாள் இறக்கிவிட்டார்கள்.

இறக்கப்பட்ட சூசைமிக்கேல் செத்துப்போயிருந்தால் இமெல்டா நாலு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பாள். அவர் சாகவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் பூசைக்கு வந்தார். சாமியார், ‘ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்’ என்றதும் எல்லோரும் நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள். இமெல்டா கைகூப்பும்போது சூசைமிக்கேல் மட்டும் பக்கத்துத் தூணைப் பார்த்துக் கைகூப்புவார். கிரேன் ஓட்ட லாயக்கில்லாத அந்த இதயம் ஒரு கோபத்தைப் பதினான்கு வருடம் தூக்கிச் சுமக்க லாயக்காகத்தான் இருந்தது.

அந்தத் தூணைப் பார்த்துப் பார்த்துத்தான் இமெல்டா மாறினாள். இதய அறையின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது. தேங்காய் நார் மாதிரி தசை இழைகள் பிசிறு பிசிறாக நிற்கும். விதிப்படி, விரிந்த படத்திலும் சுருங்கிய படத்திலும் கோடு அந்த நாருக்கு வெளியேதான் போக வேண்டும். சுருங்கிய படத்தில் மட்டும் கோட்டை நாருக்கு உள்ளே ஒரு நூல் அளவு இழுத்துவிட்டால், அறை இன்னும் நன்றாகச் சுருங்கியதுபோல் கணக்கு வரும். மூன்று புள்ளி கூடும். சூசைமிக்கேலுக்கு அப்புறம் ஐம்பத்து இரண்டு, மூன்று, நான்கு என்று வந்த எல்லோருக்கும் இமெல்டா ஒரு நூல் உள்ளே இழுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. சாமியாரின் எண் ஐம்பத்து மூன்று, அவரைச் சங்கடப்படுத்துவானேன்.

எட்டு வருடம் இப்படிப் போனது. பிறகு இயந்திரம் வந்தது. அதற்குத் துல்லியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கோடு வரையக் கற்றுக்கொள்ள அதற்கு மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. மாநிலத்திலேயே மிக நேர்த்தியாக வரைந்தவள் என்று இமெல்டாவின் பத்தாயிரம் படங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்தும். துல்லியனைக் கொண்டாட அதைவிடப் பொருத்தமான பரிசு கிடைத்திருக்காது.

அதிலிருந்து ஆறு வருடமாக இமெல்டாவின் வேலை ஜெல் தடவுவது, புரோப்பைப் பிடிப்பது, இயந்திரம் எண் சொன்னதும் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் தருவது. வந்த முதல் மாதமே அவள் கவனித்துவிட்டாள். எல்லைக்கு அருகில் ஆள் படுத்தால், சுருங்கிய படத்தில் இயந்திரத்தின் பச்சைக் கோடு நாரிடம் வந்து ஒரு கணம் தயங்கி, ஒரு நூல் உள்ளே போகும். அவளுடைய கையெழுத்தை அவளே படிப்பதுபோல இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கட்டைவிரலை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சென்னையிலிருந்து ஹரிகேசவன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். துல்லியனைச் செய்கிற கம்பெனியின் பொறியாளன். முப்பது வயது இருக்கும். பணிவான பையன். கெட்ட செய்தி சொல்ல எப்போதும் பணிவானவர்களைத்தான் அனுப்புவார்கள். காபி வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தான். துல்லியனின் ஒன்பதாம் பதிப்பு தயாராகிறது. அதற்காகச் சோதித்தபோது எட்டாம் பதிப்பில் ஒரு சாய்வு தெரிந்திருக்கிறது. எல்லைக்கு அருகில் மட்டும் மூன்று புள்ளி கூடுகிறது. எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்ததில் ஒரே ஒருவருடைய கையில் போய் நின்றிருக்கிறது. ஒன்பதாம் பதிப்பில் அந்தச் சாய்வை எடுத்துவிட்டார்கள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நாற்பது, நாற்பத்திரண்டு வர்றவங்களுக்கு நீங்க ஒரு புள்ளிகூடக் கூட்டல. ஏன்?”

இமெல்டா பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவளிடம் ஒருவன் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான், அதை வீணாக்க மனம் வரவில்லை.

“நாப்பதுக்காரனுக்கு நாப்பதுன்னு எழுதினாத்தான் தம்பி மாத்திர கிடைக்கும். அங்க கூட்டிப் போட்டா ஆளக் கொன்னுருவோம். அம்பத்துநாலுக்காரனுக்கு ஒரு சீக்கும் இல்ல. அவனுக்கு அவன் வேலதான் மாத்திர. அதப் பிடுங்குததுக்கு நான் எதுக்குப் படிச்சேன்?”

“அப்போ தெரிஞ்சேதான் பண்ணீங்களா?”

“பின்னே, தூக்கத்திலயா?”

ஹரிகேசவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிலவரத்தை விளக்கினான். சட்டப்படி, இயந்திரம் சொல்வது உண்மையா என்பதற்கு ஒரே அளவுகோல் மனிதர் வரைந்த கோடு. அந்த மனிதர் இமெல்டா. ஆகவே இயந்திரம் தவறு என்று கம்பெனி சொல்ல முடியாது, அது அவளோடு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருந்துகிறது. ‘கவனக்குறைவால் தவறாக வரைந்துவிட்டேன்’ என்று இமெல்டா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உண்மையை மாற்றலாம். போட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, மரியாதையாக ஓய்வு கொடுத்துவிடுவார்கள். காகிதத்தை அவன் கையோடு கொண்டுவந்திருந்தான். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

“போட்டா எத்தன பேரு கீழ விழுவாவ?”

மாநிலம் முழுக்க முப்பத்தோராயிரம் பேர் என்றான். அதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போடாவிட்டால்? பத்து ஊர்களில் பத்துப் புதியவர்களைப் பிடித்து, விதியைக் கறாராகச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கு ஆயிரம் படம் புதிதாக வரையச் சொல்வார்கள். மூன்று மாதம் ஆகும். அதுவரை, ஒன்பதாம் பதிப்பின் கணக்கில் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்குகிற எல்லோருடைய தகுதியும் நிறுத்திவைக்கப்படும். அந்தப் பத்துப் பேரும் விதிப்படி வரைந்துவிட்டால், இமெல்டா செய்தது கவனக்குறைவு என்ற பெயரை இழந்து மோசடி என்ற பெயரைப் பெறும்.

வெளியே வரிசையில் முதல் ஆள் காத்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பிரகாசி. வயது முப்பத்தெட்டு. தகுதியைப் புதுப்பிக்க வந்திருந்தாள். சூசைமிக்கேலின் மகள். அப்பன் இறங்கிய நாலாவது வருடம் அதே கிரேனில் ஏறியவள். அவளைக் கொண்டுவிட வந்த சூசைமிக்கேல் வராந்தாவில் உட்கார்ந்து, தூண் கிடைக்காததால் தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இமெல்டா ஜெல் தடவி, புரோப்பை வைத்து, படம் எடுத்தாள். பச்சைக் கோடு நாரிடம் வந்து தயங்கி உள்ளே போனது. ஐம்பத்தேழு. மூலையில் உட்கார்ந்திருந்த ஹரிகேசவனின் மடிக்கணினியில் ஒன்பதாம் பதிப்பு அதே படத்தை வரைந்தது. அது தயங்கவில்லை. ஐம்பத்து நான்கு. அதே எண், அதே வீடு.

ஹரிகேசவனுக்கு அது யார், எவர் என்று தெரியாது. இருந்தாலும் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்து, மின்பேனாவை எடுத்துத் தன் கையாலேயே ஒருமுறை வரைந்து பார்த்தான். படத்தின் தலைப்பில் ‘பிரகாசி, வயது 38, கிரேன் இயக்குநர்’ என்று இருந்தது. வரைந்து முடித்ததும் திரையில் ஐம்பத்தாறு என்று வந்தது. சட்டென்று அழித்தான்.

“கை நடுங்கிடுச்சு மேடம்” என்றான்.

“எனக்கும் அப்படித்தான் நடுங்கிச்சு. எட்டு வருசம்” என்றாள் இமெல்டா.

பிரகாசி எழுந்து உட்கார்ந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உயரத்தில் உட்கார்ந்து பழகியவளுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

“இமெல்டாக்கா, எனக்கு நெசமா எவ்வளவு?”

“நெசம்னு ஒண்ணு இருந்தா, அம்பத்துநாலு.”

பிரகாசி ஜெல்லைத் துடைத்தபடி கொஞ்சம் சிரித்தாள். அப்பாவிடமிருந்து தனக்கு வேறு எந்தச் சொத்தும் வரவில்லை, இதையாவது வைத்துவிட்டுப் போகிறாரே என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒன்பதிலும் ஏழிலும் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்தாளோ, கிரேன் உச்சியில் காலையில் தெரிகிற கடலை நினைத்தாளோ, கண் கலங்கிவிட்டது. தன்னை இறக்கிவிட்டால் அப்பாவிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

இமெல்டா காகிதத்தை இரண்டாக மடித்து ஹரிகேசவனின் சட்டைப்பையில் வைத்தாள். கவனக்குறைவு என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன், முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் வேறெதையும் செய்ததில்லை, கோடு அங்கேதான் போக வேண்டும், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். குரல் நடுங்காமல்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த மூன்று மாதம் ஊரே ஒரு மாதிரி ஆயிற்று. துறைமுகத்தில் ஒன்பது கிரேன் நின்றது. பிரகாசியைக் கீழே நிறுத்தி, லாரி வந்தால் ஊதல் ஊதும் வேலை கொடுத்தார்கள். அவளுடைய கிரேனில் அறுபத்தெட்டு எண் வைத்திருந்த ஒரு வாலிபனை ஏற்றினார்கள். இதயம் பிரமாதம், கண்தான் கைபேசியில். இரண்டு கண்டெய்னரை இடித்து, ஒரு காவலாளியின் குடையை நசுக்கினான். குடைக்குள் காவலாளி இல்லாதது அவர் செய்த புண்ணியம். இடித்தது யாருடைய இதயக் குறைபாட்டால் என்று விசாரித்துவிட்டு, எண் நன்றாக இருப்பதால் விபத்தே நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள்.

சூசைமிக்கேல் மகளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தன்னைப் போலவே அவளும் இறங்கிக் கீழே நிற்பதைப் பார்க்க முடியாமல் துறைமுகப் பக்கமே போவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தூணைப் பார்த்துக் கைகூப்புவதும் நின்றது. இப்போது கையே கூப்புவதில்லை. இமெல்டாவுக்கு அந்தத் தூண் எவ்வளவோ தேவலை என்றிருந்தது. அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை, ஆனால் கட்டைவிரலை ஏற்கக் கூடாது என்று இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெல் தடவ மட்டும் அனுமதி. ஜெல்லில் மோசடி செய்ய முடியாது என்று மேலிடம் நம்பியது. அவள் தினமும் பயந்தாள். மோசடி என்ற சொல்லுக்குக்கூட இல்லை. பத்து ஊரிலும் பத்துப் பேர் கறாராக வரைந்து, முப்பத்தோராயிரம் வீட்டில் தன் பெயரைச் சொல்லித் திட்டுவார்களே என்றுதான்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஹரிகேசவன் போன் செய்தான். எடுத்த எடுப்பில், சேலம், தஞ்சாவூர், வேலூர் பக்கம் யாரோடாவது பேசினீர்களா என்று கேட்டான். இமெல்டா, எனக்கு மதுரையைத் தாண்டி ஆளே தெரியாது தம்பி என்றாள்.

“பத்துப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல மேடம். தனித்தனி ரூம். விதியைப் பெருசா எழுதிச் சுவத்துல ஒட்டியிருந்தோம். பத்துப் பேரும் எல்லைக்கிட்ட வரும்போது உள்ளதான் வரைஞ்சிருக்காங்க. ஒருத்தர் ரெண்டரை புள்ளி, ஒருத்தர் மூணே கால். சராசரி எடுத்தா உங்க கையேதான்.”

எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். சட்டத்தில் ஒரு ஷரத்து உண்டு: பெயர், வயது, தொழில் இல்லாத படம் செல்லாது. யாரோ ஒரு அதிகாரி, படங்கள் மாறிப்போய்விடக் கூடாதே என்று என்றைக்கோ சேர்த்த வரி. அதனால் புதிதாக வரைய உட்கார்ந்த பத்துப் பேர் முன்னாலும் வெறும் இதயம் வரவில்லை. கோவிந்தம்மாள், வயது 44, டவுன்பஸ் ஓட்டுநர் வந்தாள். சாகுல் ஹமீது, வயது 51, படகு இயக்குநர் வந்தார். எல்லைக்கு அருகில் வந்த ஒவ்வொரு தடவையும், பத்து ஊரிலும், கோடு ஒரு நூல் உள்ளே போனது. படத்தின் தலைப்பை மறைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு பொறியாளருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சட்டம் விடாது. சென்னையில் ஒருவனுக்கு மட்டும் தோன்றியிருக்கலாம். அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இமெல்டா போனில் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கம்பெனி கூடிப் பேசியது. ஒருத்தி உள்ளே வரைந்தால் அது தவறு. பதினோரு பேர் உள்ளே வரைந்தால் அது அறிவியல். விதியைத் திருத்தி, எல்லைக்கு அருகில் கோடு நாருக்கு உள்ளே செல்வதே சரி என்று அறிவித்தார்கள். ஒன்பதாம் பதிப்பு, எட்டாம் பதிப்பு போலவே வெளிவந்தது. முன்னெப்போதும் இல்லாத துல்லியம் என்று விளம்பரம் செய்தார்கள். நிறுத்திவைத்த முப்பத்தோராயிரம் பேரையும் திரும்ப அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை பிரகாசி ஏணியில் ஏறுவதைத் தெரு முனையிலிருந்து சூசைமிக்கேல் பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேள்விப்பட்டு, இமெல்டா அன்றைக்கு இரண்டு தடவை டீ குடித்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் துல்லியம் என்று ஒன்று வந்துவிட்டால் அது சும்மா இருக்காது. ஒன்பதாம் பதிப்பு, சட்டம் வந்த நாள் முதல் எடுத்த பழைய படங்கள் எல்லாவற்றையும் தானே எடுத்து வரைந்து பார்த்தது. யார் யார் எங்கெங்கே தவறினார்கள் என்று பட்டியல் போட்டது. இமெல்டா வரைந்தவற்றில் எல்லைக்கு அருகில் வந்த படங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். பிழை: ஒன்று. சம்பந்தப்பட்டவருக்கும் பிழை செய்தவருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு சூசைமிக்கேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டைப்பையில் அரசு முத்திரையோடு கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து இமெல்டாவின் முன்னால் நின்றார். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

“எனக்கு அம்பத்தேழாம். அன்னைக்கே அம்பத்தேழுதானாம். கோடு தப்பாப் போட்டுட்டாவன்னு கவர்மெண்டே எழுதிருக்கு, நீ பாத்தியா?”

“எனக்கும் வந்துச்சு அண்ணே.”

அன்றைக்கு ஒரே ஒரு தடவை, எல்லைக்கு அருகில் வந்தவர்களில் இந்த ஒரே ஒரு மனிதருக்குத்தான் விதியில் சொல்லியபடி ஒரு மயிரிழை பிசகாமல் கோடு போட்டோம் என்பது அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சூசைமிக்கேலின் கன்னம் நனைந்திருந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

“சரி விடு. மனுசக் கைதானே, தப்பு வரத்தான் செய்யும்” என்று சொல்லி, சூசைமிக்கேல் இரண்டு கையையும் கூப்பினார். “நான் மன்னிச்சிட்டேன்.”

இமெல்டாவும் கைகூப்பினாள்.

“என்னோட தப்புதான் அண்ணே” என்றாள்.